நண்டு நடை

தரை ஒரு பனைமர உயரத்தில் இருக்கிறது. ஜன்னலில் ரன்வேயின் வெள்ளைக்கோடு தெரிகிறது. செல்போனை உயிர்ப்பிக்க நாலைந்து பேர் கட்டை விரலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அந்த விநாடியில் விமானம் 'ஹூம், வேண்டாம்' என்று மனசு மாறி, எஞ்சின்கள் அலற, மூக்கைத் தூக்கிக்கொண்டு திரும்ப மேலே கிளம்பினால் எப்படி இருக்கும் தெரியுமா? உடம்பு மேலே போகும். வயிறு மட்டும் மீனம்பாக்கத்திலேயே தங்கிவிடும்.

போன வருஷம் ஐப்பசி மழையில் கோயமுத்தூரிலிருந்து சென்னை வந்தபோது எனக்கு இது நடந்தது. பக்கத்து ஸீட்டில் எழுபது வயசுப் பெரியவர். வெள்ளை வேட்டி, மடியில் ஒரு மஞ்சப் பை. வாழ்க்கையில் முதல் விமானம். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறார். பையில் நாட்டுச் சர்க்கரை, பேறுகால மருந்து உருண்டை இத்யாதி. (செக்யூரிட்டியில் அந்த உருண்டையை மூன்று பேர் மாறி மாறி மோந்து பார்த்தார்களாம்.)

விமானம் மேலே கிளம்பியதும் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் தம்பி, இறங்கறதுக்கு மறந்துட்டானுங்களா?" என்றார்.

முன் வரிசையில் டை கட்டிய இளைஞர் ஒருவர், "ட்ரெய்னிங் போல இருக்கு. நம்மளை வெச்சுப் பழகறான்" என்று பொதுவாக அறிவித்தார். ரெண்டு பேர் சிரித்தார்கள். நானும் வாட்சைப் பார்த்து 'மீட்டிங் போச்சு' என்று முணுமுணுத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து ஸ்பீக்கரில் கரகரவென்று ஓர் அறிவிப்பு. காற்று திடீரென்று மாறியதால் இறங்கவில்லை, மறுபடி முயற்சி செய்யப் போகிறோம் என்பது மட்டும் புரிந்தது. இரண்டாம் முறை வந்தபோது ஒரு விநோதம். ரன்வே முழுசாக என் பக்க ஜன்னலில் தெரிந்தது. ரன்வே பைலட்டுக்குத்தானே தெரிய வேண்டும், எனக்கெதற்கு? விமானம் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது, திருவிழாக் கூட்டத்தில் ஒருக்களித்து நுழைகிற ஆள் மாதிரி. கடைசி நொடியில் வெடுக்கென்று நேராகி, 'தொம்' என்று தரையில் உட்கார்ந்தது. தலைக்கு மேல் எல்லாப் பெட்டியும் ஒருமுறை குதித்து அடங்கின.

"இதுக்குப் பேர் லேண்டிங்கா? முதுகெலும்பு போச்சு" என்றார் டை.

மறுநாள் சாயங்காலம் நங்கநல்லூர் மொட்டை மாடியில் இதைப் புகாராகக் கேப்டனிடம் சொன்னேன். மூன்று வீடு தள்ளியிருக்கும் நிஜ கேப்டன். முப்பது வருஷத்துக்கு மேல் ஜெட் ஓட்டி ரிடையர் ஆகி, இப்போது மாடித் தோட்டத்தில் கத்தரிக்காய் வளர்க்கிறார். முழுசும் கேட்டுவிட்டு, காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓய், ரெண்டு நல்ல காரியம் பண்ணியிருக்கான். ரெண்டுக்கும் அவனைத் திட்டியிருக்கீர்."

அதற்கப்புறம் ஒரு வாரம் பாடம். மிச்சத்தை நான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்த 'மீட்டிங் போச்சு' தொண்டையில் சிக்கிக்கொண்டது.

காற்று என்றால் விமானத்துக்கு எதிரி என்று நாம் நினைக்கிறோம். இல்லை. முகத்தில் அடிக்கிற காற்று விமானத்துக்கு அமிர்தம். இறக்கைக்குத் தரையைப் பற்றிக் கவலையே கிடையாது. தன்மேல் எவ்வளவு வேகத்தில் காற்று ஓடுகிறது என்பது மட்டும்தான் அதன் கணக்கு. ஏ320 மாதிரி ஒரு விமானம் சுமார் 135 நாட் வேகத்தில் இறங்க வருகிறது, மணிக்கு 250 கிலோமீட்டர். எதிரே 20 நாட் காற்று வீசினால் தரையைப் பொறுத்தவரை வேகம் 115 நாட்தான். அதே காற்று முதுகில் அடித்தால் 155. பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பெரும்பாலான விமானங்களில் பின்காற்று 10 நாட், மிஞ்சிப் போனால் 15 நாட்டுக்கு மேல் இருந்தால் இறங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

ரன்வேயின் ஓரத்தில் பெரிதாக எழுதியிருக்கும் நம்பர் இதற்காகத்தான். சென்னையின் பெரிய ரன்வேக்கு ஒரு முனையில் 07, மறு முனையில் 25. திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி என்பதில் கடைசி சைபரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். காற்று கிழக்கிலிருந்து வந்தால் பம்மல் பக்கமிருந்து வந்து 07-ல் இறங்குவார்கள். மேற்கிலிருந்து வந்தால் எங்கள் நங்கநல்லூர் பக்கமாக வந்து 25-ல். மாடியில் வடாம் காயப்போடும் என் மனைவி ஆகாயத்தைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்துக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள். வானிலை மையத்துக்கு யாரும் சிபாரிசு செய்யவில்லை.

ஆனால் காற்று ரன்வே பார்த்தா வீசுகிறது? பக்கவாட்டில் வரும். அப்போதுதான் நான் பார்த்த அந்த ஒருக்களிப்பு.

ஆடிப் பெருக்கில் காவிரியை நீந்திக் கடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எதிர்க்கரைப் படித்துறைக்கு நேராகத் தலையை வைத்து நீந்தினால் அடுத்த ஊர்ப் படித்துறையில்தான் கரையேற முடியும். அதனால் தலையை நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பிவைத்து நீந்துவார்கள். முகம் ஒரு பக்கம், போகிற வழி ஒரு பக்கம். விமானமும் அப்படியே. காற்று வலப்புறமிருந்து வந்தால் மூக்கை வலப்புறம் திருப்பி வைத்துக்கொண்டு, ரன்வேயின் நடுக்கோட்டில் சறுக்கிக்கொண்டே வரும். பைலட்கள் இதற்கு 'க்ராப்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நண்டு! மெரினாவில் மணலில் ஓடுவதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதற்கு ஸைன் தீட்டா கணக்கு இருக்கிறது. ஆனால் காக்பிட்டில் யாரும் கிளார்க்ஸ் டேபிளைப் பிரிப்பதில்லை. கேப்டன் சொல்லித் தந்தது கடிகாரக் கணக்கு. காற்றுக்கும் ரன்வேக்கும் 15 டிகிரி கோணம் என்றால், 15 நிமிஷம் ஒரு மணியில் கால் பாகம். எனவே காற்றில் கால் பங்குதான் பக்கக் காற்று. 30 டிகிரி என்றால் அரை. 45 என்றால் முக்கால். 60-க்கு மேல் போனால் முழுக் காற்றையும் பக்கக் காற்றென்றே வைத்துக்கொள். ஆறாம் கிளாஸ் பையன் போட்டுவிடுவான். 25 நாட் பக்கக் காற்றென்றால் சுமார் 11 டிகிரி மூக்கைத் திருப்ப வேண்டும். பதினொன்று கேட்கச் சின்ன நம்பர். ஜன்னல் ஸீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.

இந்த நண்டு நடையில் வந்து அப்படியே உட்கார முடியுமா? சக்கரங்கள் மூக்கு பார்க்கிற திசையில்தான் உருளும். அறுபது டன் வண்டி ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் போனால், அந்த இழுப்பையெல்லாம் சக்கரத்தின் கால்கள்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் இதற்கு ஒரு செல்லமான ஏற்பாடு உண்டு: சக்கரங்களையே 20 டிகிரி வரை திருப்பிக்கொள்ளலாம். மூக்கு கோணலாக இருக்க, சக்கரம் நேராக ஓடும். குண்டு போடுகிறவர்களுக்குக் கிடைக்கும் சௌகரியங்கள் நமக்கு எதற்குக் கிடைக்கப் போகின்றன! நம் பைலட் காலால்தான் சமாளிக்க வேண்டும்.

தரைக்கு முப்பது அடி இருக்கும்போது, வலப்பக்கக் காற்றென்றால் இடது பெடலை மிதிக்கிறார். மூக்கு ரன்வேக்கு நேராகத் திரும்புகிறது. திரும்புகிற அதே கணத்தில் வலது இறக்கை முன்னால் வீசப்பட்டுக் கூடுதல் காற்றை வாங்கி மேலே எழும்பப் பார்க்கும். அதைக் கையால் வலப்புறம் சாய்த்து அமுக்க வேண்டும். கால் இடது, கை வலது. காரில் இப்படிச் செய்தால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். இங்கே இப்படிச் செய்யத் தெரிந்தால்தான் லைசென்ஸ். ரொம்பவும் சாய்த்துவிடக் கூடாது. இறக்கை நுனியோ, இறக்கைக்குக் கீழே தொங்குகிற எஞ்சினோ தரையைத் தேய்க்கும். அத்தனையும் மூன்று, நாலு விநாடிக்குள். நடுவில் கம்ப்யூட்டர் வேறு உயரத்தை 'ஃபிஃப்டி... ஃபார்ட்டி... தர்ட்டி' என்று சத்தமாக எண்ணும். ஏர்பஸ்ஸில் 20 அடியில் 'ரிடார்ட்' என்று ஒரு குரல் வரும். திட்டவில்லை. எஞ்சின் லீவரைப் பின்னால் இழு என்று ஞாபகப்படுத்துகிறது.

"அதான் ஆட்டோ லேண்டிங் இருக்கே ஸார், கம்ப்யூட்டர் பார்த்துக்காதா?" என்று நானும் கேட்டேன். இப்போதெல்லாம் ஆபீசில் எதற்கும் இந்தக் கேள்விதானே.

"பார்த்துக்கும். பனிமூட்டத்துல கண்ணே தெரியாதபோது அது எங்களைவிட அழகா இறக்கும். காத்து ஜாஸ்தியானா எங்ககிட்டயே கொடுத்துடும்" என்றார். ஏ320-ல் தானியங்கி இறக்கத்துக்குப் பக்கக் காற்று 20 நாட் வரைதான் அனுமதி. மனிதர் இறக்கினால் 33 நாட், வீச்சு 38 வரை. அந்த வித்தியாசத்துக்குத்தான் சம்பளம்.

இந்த 38-ல் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதன் முழுப் பெயர் 'மேக்ஸிமம் டெமான்ஸ்ட்ரேட்டட் க்ராஸ்விண்ட்'. விமானத்துக்குச் சான்றிதழ் வாங்கும்போது, சோதனை பைலட்கள் இறக்கிக் காட்டிய அதிகபட்சப் பக்கக் காற்று என்று அர்த்தம். அதற்குமேல் கூடாது என்றா, அதற்குமேல் நாங்கள் பார்க்கவில்லை, உன் சாமர்த்தியம் என்றா? பைலட்களே ஆளுக்கொரு மாதிரி புரிந்துகொண்டிருந்தார்கள். இது எங்கே தெரிய வந்தது என்றால், ஹாம்பர்க்கில்.

2008 மார்ச் 1. வட ஜெர்மனியில் 'எம்மா' என்கிற புயல். மியூனிக்கிலிருந்து நூற்று முப்பது சொச்சம் பயணிகளுடன் லுஃப்தான்ஸா ஏ320 ஒன்று ஹாம்பர்க்கில் இறங்க வருகிறது. ரன்வே 23, அதாவது 230 டிகிரி. காற்று ஏறத்தாழ 290, 300 டிகிரியிலிருந்து. நம் கடிகாரக் கணக்கைப் போடுங்கள்: வித்தியாசம் 60-க்கு மேல், ஆகவே முழுக் காற்றும் பக்கக் காற்று. வீச்சு 47 நாட் வரை. ஓட்டியவர் 24 வயசுத் துணை பைலட். மூக்கை நேராக்கினார். வலது இறக்கை எழும்பியது, இடது இறக்கை நுனி ரன்வேயைத் தொட்டுவிட்டது. அடுத்த கணம் எஞ்சினை முழுசாகக் கொடுத்து மேலே போய்விட்டார்கள். சுற்றி வந்து 33 என்கிற இன்னொரு ரன்வேயில் பத்திரமாக இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. இறக்கை நுனி கொஞ்சம் வளைந்ததோடு சரி.

வேலி ஓரத்திலிருந்து ஒருவர் வீடியோ எடுத்திருந்தார். உலகம் பூராவும் பார்த்தது. பத்திரிகைகள் பைலட்டைத் தூக்கித் தலையில் வைத்துக் கொண்டாடின. ஜெர்மன் விபத்துப் புலனாய்வு அலுவலகம் மட்டும் கொண்டாடாமல் உட்கார்ந்து நோண்டியது. இரண்டு சங்கதிகள் வெளியே வந்தன. ஒன்று, காற்றுக்குச் சாதகமான 33-ஐ முதலிலேயே கேட்டு வாங்கியிருக்கலாம். அங்கே கோணம் முப்பது, நாற்பது டிகிரிதான். பக்கக் காற்று பாதி, அல்லது கொஞ்சம் கூட. இரண்டாவது இன்னும் சுவாரஸ்யம். ஒற்றைச் சக்கரம் ஒரு கணம் தரையைத் தொட்டதுமே விமானத்தின் கம்ப்யூட்டர் 'ஆஹா, இறங்கியாச்சு' என்று முடிவு செய்து, பைலட்டின் கைக் கட்டளைக்கு இறக்கைகள் கீழ்ப்படிகிற அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டது. இன்னும் பறந்துகொண்டிருக்கிற விமானத்தில், ரொம்பத் தேவைப்பட்ட நேரத்தில். புத்தகத்தில் இப்படி ஒரு நடத்தை இருப்பது பைலட்களுக்குச் சரியாகத் தெரிவிக்கப்படவில்லை. ஹீரோவும் இல்லை, வில்லனும் இல்லை. தமிழ் சினிமாவுக்கு லாயக்கில்லாத முடிவு.

சென்னைக்காரர்களுக்கு இதே காட்சி பழக்கம்தான். 2024 நவம்பர் 30, ஃபெங்கல் புயலன்று மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தள்ளாடிக்கொண்டே வந்து, தரையை ஒட்டிச் சாய்ந்து, உடனே எழும்பிப் போன வீடியோ உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒன்பது மாமாக்கள் அதற்கு ஒன்பது விதமாகத் தீர்ப்பெழுதினார்கள். எட்டுப் பேர் பைலட்டைத் திட்டினார்கள். ஒருவர் குட்மார்னிங் போட்டார்.

நிலையாக அடிக்கிற காற்று எவ்வளவு பலமானாலும் கணக்குப் போட்டுவிடலாம். மாறுகிற காற்றுதான் ஆளை விழுங்குவது. இதைக் கண்டுபிடித்த கதைக்கு ஒரு ஜப்பானியர் வேண்டும்.

டெட்ஸுயா ஃபூஜிடா. 1945 ஆகஸ்ட் 9-ம் தேதி கொக்குரா நகரத்தில் இருந்த 24 வயசு வாத்தியார். அன்றைக்கு அமெரிக்க விமானம் இரண்டாவது அணுகுண்டைக் கொண்டுவந்தது கொக்குராவுக்குத்தான். மேலே மேகமும் புகையும் மூடியிருந்ததால் இலக்கு தெரியாமல், நாகசாகிக்குப் போய்விட்டது. பிற்பாடு ஃபூஜிடா சேதத்தை ஆராய நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போனார். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் கருகி நின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் மரங்கள் எல்லாத் திசையிலும் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்தன, நட்சத்திரக் கோலம் போட்ட மாதிரி. மேலிருந்து இறங்கின ஒன்று தரையில் மோதிச் சிதறின அடையாளம். இது மண்டையில் பதிந்துவிட்டது.

அவர் அமெரிக்கா போய், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சுழற்காற்று நிபுணராகிறார். டொர்னாடோவை அளக்கும் எஃப் அளவுகோல் 1971-ல் அவர் கொடுத்ததுதான். 1974-ல் டொர்னாடோ சேதத்தைச் சின்ன விமானத்திலிருந்து பார்த்துக்கொண்டு போகும்போது, காட்டில் அதே நட்சத்திரக் கோலம். சுழலின் அடையாளமே இல்லை.

அடுத்த வருஷம், 1975 ஜூன் 24, சாயங்காலம் நாலு மணி வாக்கில், நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஈஸ்டர்ன் 66 என்கிற போயிங் 727 இறங்கும்போது, ரன்வேக்கு முன்னாலேயே விழுந்து நொறுங்கியது. 124 பேரில் 113 பேர் போய்விட்டார்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், சில நிமிஷங்களுக்கு முன் அங்கே இறங்கிய சரக்கு விமானத்தின் கேப்டன், காற்று பயங்கரமாக மாறுகிறது, ரன்வேயை மாற்றுங்கள் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார். கன்ட்ரோலரின் மீட்டரோ காற்று ஒழுங்காக ரன்வேயில் நேராக வருவதாகக் காட்டியது. அதே கம்பெனியின் இன்னொரு விமானம் இறக்கத்தைக் கைவிட்டு நியூவார்க்குக்குப் போய்விட்டது. மீட்டரா, மனுஷனா? மீட்டர் ஜெயித்தது.

ஃபூஜிடா வந்து தகவல்களை அடுக்கிப் பார்த்தார். இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்றுத் தூண் ஒன்று தொப்பென்று விழுந்து, தரையில் மோதி நாலாபுறமும் சிதறியிருக்கிறது என்றார். குழாய்த் தண்ணீர் முற்றத்தில் விழுந்து சிதறுகிற மாதிரி. 'மைக்ரோபர்ஸ்ட்' என்று பேர் வைத்தார். நாலு கிலோமீட்டர் அகலத்துக்குள், சில நிமிஷங்களே வாழ்கிற ஜந்து. சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. இவ்வளவு சின்னது எப்படி ஜெட்டை வீழ்த்தும் என்றார்கள். 1978-ல் சிகாகோ பக்கத்தில் டாப்ளர் ரேடார்களை வரிசையாக நிறுத்தி, டஜன் கணக்கில் பிடித்துக் காட்டினார்.

அது வீழ்த்துகிற விதம்தான் குரூரம். முதலில் சிதறி வருகிற காற்று முகத்தில் அடிக்கிறது. எதிர்க்காற்று! வேகமானி ஏறுகிறது, விமானம் மிதக்கிறது. பைலட் சந்தோஷமாக எஞ்சினைக் குறைக்கிறார். அடுத்தது நடுத்தூண், மேலிருந்து அமுக்குகிறது. மூன்றாவது, அந்தப் பக்கம் சிதறுகிற காற்று, இப்போது முதுகில். 25 நாட் எதிர்க்காற்று 25 நாட் பின்காற்றாக மாறினால், 50 நாட் வேகம் காற்றோடு போச்சு. 140-ல் வந்தவனுக்கு 90-தான் கையில் மிச்சம். அந்த வேகத்தில் அந்த இறக்கை தாங்காது. எஞ்சினை முழுசாகத் திறந்தாலும் ஜெட் எஞ்சின் உசுப்பேறி முழு பலம் தர ஐந்திலிருந்து எட்டு விநாடி ஆகும். தரைக்கு அருகில் எட்டு விநாடி என்பது ஒரு யுகம்.

1985 ஆகஸ்ட் 2-ம் தேதி டல்லஸில் டெல்டா 191 இப்படியே போனது. பெரிய ட்ரைஸ்டார் விமானம். நெடுஞ்சாலையில் ஒரு காரை மோதி, தண்ணீர்த் தொட்டிகளில் முட்டி, 137 பேர். காரோட்டி வந்த அப்பாவியும் அந்தக் கணக்கில். அதற்கப்புறம்தான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. நாஸா ஒரு போயிங் 737-ல் கருவிகளை நிரப்பிக்கொண்டு, 1991-லும் 92-லும் மைக்ரோபர்ஸ்டுகளைத் தேடித் தேடி அவற்றுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தது. (அந்த வேலைக்கு இன்டர்வியூவில் என்ன கேட்டிருப்பார்கள்?) அதன் பலன், இன்று விமானத்தின் மூக்கிலிருக்கும் ரேடார் முன்னால் உள்ள மழைத்துளிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்து, 'விண்ட்ஷியர் அஹெட்' என்று கத்துகிறது. உள்ளே மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியதும் மனப்பாடம்: எஞ்சின் முழுசு, மூக்கு மேலே, சக்கரத்தைத் தொடாதே. வழக்கமாகத் திரும்ப எழும்பும்போது சக்கரத்தை மடக்குவார்கள். இங்கே கூடாது. மடக்கும்போது கதவுகள் திறந்து கூடுதலாகக் காற்றில் இழுபடும். அந்தச் சில்லறை இழப்பைக்கூடத் தாங்காத நேரம்.

"எங்க காலத்துல கோ அரவுண்ட் பண்ணினா ஆபீஸ்ல மூஞ்சி கோணுவா" என்றார் கேப்டன். "இப்போ ஏன் பண்ணினேன்னு யாரும் கேக்கப்படாதுன்னு அனேகமா எல்லாக் கம்பெனியிலும் எழுதியே வெச்சிருக்கா. ஆனாலும் மனசுன்னு ஒண்ணு இருக்கே."

இருக்கிறது. ஃப்ளைட் ஸேஃப்டி ஃபவுண்டேஷன் என்கிற அமைப்பு 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. உலகத்தில் நூறு இறக்கங்களில் மூன்று, நாலு நிலையில்லாதவை. வேகமோ உயரமோ கோணமோ சரியில்லை, கைவிட வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்டவற்றில் நூற்றுக்கு மூன்று பேர்தான் கைவிடுகிறார்கள். மிச்சம் 97 பேர், 'இவ்வளவு தூரம் வந்தாச்சு' என்று இறக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனால் அடுத்த முறையும் இறக்குகிறார்கள். இத்தனைக்கும் பெட்ரோல் பற்றாக்குறை கிடையாது. இறங்க முடியாவிட்டால் இன்னொரு ஊர் போக, அங்கேயும் அரை மணி நேரம் சுற்ற எரிபொருள் இல்லாமல் கிளம்பவே கூடாது. பின்னால் 180 பேர் வாட்சைப் பார்க்கிறார்கள் என்பது காக்பிட்டுக்குத் தெரியும். அந்த 180-ல் ஒரு வாட்ச் என்னுடையது.

அந்தத் 'தொம்'? அதுவும் வேண்டுமென்றேதான் என்றார். மழைத் தண்ணீர் நிற்கிற ரன்வேயில் பூப்போல இறக்கினால் டயர் தரையைத் தொடாமல், தண்ணீர்ப் படலத்தின் மேல் தோசைக்கல்லில் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். உருளாத சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்? கொஞ்சம் ஓங்கி வைத்தால் தண்ணீரைப் பிளந்து டயர் சிமெண்ட்டைப் பிடிக்கும், சக்கரம் சுற்றும், இறக்கைமேல் பலகைகள் எழும்பி மொத்தக் கனத்தையும் சக்கரத்தில் இறக்கும். "பயணிகள் கைதட்டற மாதிரி இறக்கணும்னா வெயில் காலத்துல பண்ணிக்கலாம்" என்றார் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே.

ஒரு விஷயத்தை மேலே சொல்ல விட்டுவிட்டேன். கேப்டனிடமும் சொல்லவில்லை, அவர் 'பண்ணியிருக்கான், பண்ணியிருக்கான்' என்றபோது திருத்தவும் இல்லை.

அன்றைக்கு இறங்கும்போது காக்பிட் கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். தோளில் நாலு தங்கப் பட்டை, கேப்டனுக்கு மட்டும் உள்ளது. நெற்றியோர முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. டை கட்டியவர் அவரைப் பணிப்பெண் என்று நினைத்து, "பைலட்கிட்ட சொல்லுங்க மேடம்" என்று ஏதோ ஆரம்பித்து, பட்டையைப் பார்த்துவிட்டுப் பாதியில் முழுங்கினார்.

என் பெரியவருக்குப் பட்டையெல்லாம் தெரியாது. "நீதான் ஓட்டுனயா கண்ணு?" என்று நேராகக் கேட்டார்.

"ஆமா தாத்தா. ரொம்ப பயந்துட்டீங்களா?"

"பயமெல்லாம் ஒண்ணுமில்லே கண்ணு. பேத்தி மொகத்தைப் பார்க்காமப் போயிருவனோன்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டு வழியை அடைத்துக்கொண்டு நின்று, மஞ்சப் பைக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார். என்ன எடுத்துக் கொடுத்தார் என்று பார்ப்பதற்குள், பின்னாலிருந்து என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.